ஏறி வருகிற வண்டி

ஏலப்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிளட்ச் போய் என்னிடம் வருகிற வண்டிக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், "கியர்பாக்ஸை இறக்கியாச்சுல்ல, கையோட ஃப்ளைவீலையும் மாத்திரு" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடும். இரண்டாவது ரகம், "ஃப்ளைவீலா? நீ ஏன் இல்லாததைக் கிளப்புற? கிளட்ச்சை மட்டும் போட்டு விடு, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று என்னைத் திருடனைப் போலப் பார்க்கும். எஞ்சினின் முதுகில் கனமாகச் சுற்றுகிற அந்த இரும்புத் தட்டை, அதில் போய் ஒட்டினால்தான் கிளட்ச் பிளேட்டுக்கே பிழைப்பு என்பதை, குனிந்து பார்க்கக்கூட இரண்டு ரகத்துக்கும் பொறுமை கிடையாது.

இந்த இரண்டிலும் சேராத ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு பெண். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "எவன்ட்ட கேட்டு எம் பேரை எழுதுன?" என்று திருப்பூரில் மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் நிற்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஜீப்பக்கா. எனக்கு அக்கா. அது போதும்.

ஜீப் முதலில் அவர் புருஷனுடையது. அண்ணாச்சிக்கு முதுகு எலும்பு விலகி, ஸ்டியரிங்கில் உட்கார முடியாமல் போனபோது, வண்டியை விற்றுவிடலாம் என்று ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஆளுக்கு விலை பேசினார்கள். அப்போது அக்கா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எஸ்டேட் குடியிருப்பான லயத்து மைதானத்தில் ஜீப்பை வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் அண்ணாச்சி இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். லைசென்ஸ் வந்தது. பிறகு அக்கா வண்டி ஓட்டினார், அண்ணாச்சி சோறு பொங்கினார். ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்கா ஒரு நாள் தூக்குவாளியைத் திறந்து, "எங்க வீட்டுக்காரரு வச்ச மீன் கொழம்பு. ஒங்க வீட்டுல இந்த ருசி வருமா, நக்கிப் பாத்துட்டுச் சிரிங்கலே" என்று நீட்டினார். நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். அதோடு சிரிப்பு நின்றது. மீன் குழம்பு அப்படித்தான் இருந்தது, நானும் தொட்டுப் பார்த்தேன்.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. பாதை தன்னுடையது என்றால் ஒரு முழம் பின்னால் போக மாட்டார். மலை ரோட்டில் ஒரு முறை இருக்கிறது: இறங்கி வருகிற வண்டி ஒதுங்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். பாரத்தோடு ஏறுகிறவன் நடுவில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், எதிரே வருவது ஆட்டோவா, லாரியா, எஸ்டேட் ஆபீஸ் காரா என்று பார்த்துத்தான் நாங்கள் ஒதுங்குவோம். அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர் என்று ஸ்டாண்டில் கதை கட்டினார்கள். சுத்தப் பொய். ஒரு தடவை பீர்மேட்டிலிருந்து அவர் ஜீப்பில் வந்துகொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆள், இறக்கம், கண் தெரியாத மூடுபனி. எதிரே வாழைத்தார் ஏற்றிய ஒரு ஓட்டை ஆட்டோ முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஆட்டோக்காரர் ஜீப்பைப் பார்த்ததும் பயந்து தானே பின்னால் போகப் பார்த்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நில்லும்வே! நீரு ஏறி வாறீரு. நான்லா ஒதுங்கணும்!" என்று சத்தம் போட்டார். ஒரு பக்கம் பள்ளம், பின்னால் பனி. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வளைவு வரைக்கும் நூல் பிடித்த மாதிரி பின்னால் போனார். ஆட்டோ கடந்து போகும்போது ஒரு சின்ன ஹாரன் அடித்தது. வழி விட்டவனுக்கு மலை ரோட்டில் சொல்லுகிற நன்றி அவ்வளவுதான். அக்காவும் பதிலுக்கு ஒன்று அடித்தார். அந்த ஹாரனை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்கள் மறந்தால், "வாயில்லாத பய" என்று திட்டுவார்.

மகளின் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, ஏதோ ஒரு தாளில் அப்பா வந்து ஒப்பு போட வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். கையெழுத்தை எங்கள் பக்கம் ஒப்பு என்றுதான் சொல்வோம். அக்கா போயிருக்கிறார். "அப்பா வரல்லே?" என்று மலையாளத்து டீச்சர் கேட்க, "வண்டி ஓட்டுறது நான், பீஸ் கட்டுறது நான், ஒப்பு மட்டும் அவரா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் தாளை நீட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மகள் வெட்கத்தில் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். "பேசாம இருக்கட்டும். நாளைக்கு அவளுக்கும் ஒரு தாளு நீட்டுவாங்கள்லா, அப்பத் தெரியும்" என்றார்.

எல்லாம் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய அந்தக் குணத்தைப் பார்த்து எனக்குப் பயமும் உண்டு. அக்காவின் சொந்த அண்ணன் மேல் லயத்தில் குடியிருந்தார். கோழிக்கூடு வைக்கிற இடத்தில் ஏதோ தகராறு. தப்பு அண்ணன் மேல்தான், ஊருக்கே தெரியும். "அவன் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று அக்கா கீழேயே இருந்தார். அண்ணன் இறங்கவில்லை. அவர் இறந்த அன்றைக்குத்தான் அக்கா மேல் லயத்துக்கு ஏறினார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, "எறங்கி வந்திருக்கலாம்லா, எறங்கி வந்திருக்கலாம்லா" என்று அவர் அழுததைக் கேட்க முடியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு அக்கா மேல் கோபம்தான். இன்றைக்கும் கோபம்தான்.

இனி ஃப்ளைவீலுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போக ஒரு ஏற்றம் உண்டு. கோயில் ஏற்றம் என்போம். ஒரு வண்டி மட்டும் போகலாம். இடப்பக்கம் தேயிலைச் சரிவு, வலப்பக்கம் பள்ளம். ஒதுங்க வேண்டுமென்றால் அடியில் ஒரு இடம், உச்சி வளைவில் ஒரு இடம், நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த ஏற்றத்துக்கு மேலே ஒரு ரிசார்ட் வந்தது. அதன் பிறகு கார்கள் இறங்க ஆரம்பித்தன.

அக்கா தினமும் காலையில் கொழுந்து எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போவார். மேலே பெரட்டு, அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடம். பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி அரைப் பேர்தான் போடுவார், பாதி நாள் கூலி போச்சு. அன்றைக்கு ஜீப் பாதி ஏற்றம் தாண்டியபோது மேலிருந்து ரிசார்ட் மேனேஜரின் பெரிய கார் இறங்கி வந்தது. உள்ளே விருந்தாளிகள். மேனேஜர் ஹாரன் அடித்தார். அக்காவும் அடித்தார். மேனேஜர் கையை ஆட்டி, பின்னால் போ என்று காட்டினார்.

சாதாரணமாக ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் அக்கா ஹேண்ட்பிரேக் போட்டு, ஒரு ஆளை இறக்கி டயருக்குப் பின்னால் கட்டை வைக்கச் சொல்வார். நாங்கள் மற்றவர்களெல்லாம் அரை கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவோம். "பிளேட்டைத் தின்னுதியலே" என்று எங்களைத் திட்டுகிறவர் அவர். ஆனால் அன்றைக்கு நேரமில்லை. பின்னால் இருக்கிற பெண்களுக்கு அரைப் பேர் போய்விடும். அக்கா கட்டையும் வைக்கவில்லை, பின்னாலும் போகவில்லை. அரை கிளட்ச்சில் ஒரு சாண் முன்னால் போனார். நின்றார். இன்னொரு சாண் போனார். கார் பம்பருக்கும் ஜீப் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான். மேனேஜர் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். அக்கா மறுபடி ஒரு சாண். இப்படியே உச்சி வளைவு வரைக்கும், எஞ்சின் கத்த, கிளட்ச் கருகின நாற்றம் தேயிலைக்குள் பரவ, அந்தக் காரைத் தொடாமலே தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஜீப்பில் இருந்த பெண்கள் குலவை போட்டார்களாம். பெரட்டுக்கு யாரும் பிந்தவில்லை. கார் ஒதுங்கினதும் அக்கா ஹாரன் அடித்தார், அது தப்பாது.

அடுத்த வாரம் ஜீப் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. கியர்பாக்ஸை இறக்கினேன். கிளட்ச் பிளேட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் நீலமாகத் திட்டு. சூடேறினால் இரும்பு அப்படித்தான் நிறம் மாறும்.

வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். "அக்கா, கியர்பாக்ஸ் இறங்கியாச்சு. கையோட ஃப்ளைவீலையும் மாத்திருவோமா?"

"எதுக்கு?"

"நீலம் பாய்ஞ்சிருக்கு."

"நீலம் பாய்ஞ்சா மாத்தணுமா?"

"நீலம் மட்டும்னா லேத்துல கொடுத்து மொகத்தைச் சீவிரலாம். விரிசல் இருந்தா மாத்தித்தான் ஆகணும்."

"விரிசல் இருக்கா?"

"இருக்கும்னுதான் தோணுது."

"தோணுதாம்ல! காட்டுடே. பாத்துட்டுச் சொல்லுதேன்."

காட்டினேன். பெட்ரோல் போட்டுத் துடைத்து, மேலே மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தேன். விரிசல் இருந்தால் எண்ணெய் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே சாக்குக்கட்டியைத் தேய்த்தால் வெளியே கசிந்து கோடு காட்டும். சாக்குக்கட்டியை என் கையிலிருந்து பிடுங்கி அக்காவே தேய்த்தார். இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை மேல் முடி மாதிரி ஒரு கோடு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஒன்று போல்ட் ஓட்டை வரைக்கும் போயிருந்தது. அக்கா விரலால் அந்தக் கோட்டை மெல்லத் தடவினார்.

"நான்தான் எரிச்சேன்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

அப்போதுதான் ஸ்டாண்டு செக்ரட்டரி உள்ளே வந்தார். அண்ணாச்சியை அண்ணன் என்று கூப்பிடுகிற பழக்கத்தில் அக்காவை அவர் மைனி என்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் எப்போதும் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பேசி முதுகு கூன் விழுந்துவிட்டது. ஃப்ளைவீலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மைனி, ரிசார்ட்லேருந்து ஆள் விட்டுருக்காவ. நம்ம ஸ்டாண்டு ஜீப்புக்கு இனிமே டூரிஸ்டு கெடையாதாம், நீங்க வந்து மேனேஜர்ட்ட ஒரு சாரி சொல்லுற வரைக்கும். எல்லாப் பயலுவளும் ஏங்கிட்ட சாடுறானுவ."

"நான் ஏம்யா சாரி சொல்லணும்?"

"ஒரு வார்த்தைதான மைனி! கொழப்பமில்ல. சொல்லிட்டு வந்தியன்னா இந்தா, இந்த ஃப்ளைவீலை ஸ்டாண்டு கமிட்டியே புதுசா வாங்கித் தரும். பயலுவள்ட்ட பேசிட்டேன். சொல்லலைன்னா வரிசையில ஒங்க வண்டிய நிறுத்த விட மாட்டேங்கானுவ."

அக்கா எழுந்தார். கையிலிருந்த சாக்குப்பொடியைச் சேலையில் துடைத்தார். "கொழுந்தனாரே, நான் என்ன தப்பு செஞ்சேன்னு நீரு ஒண்ணு சொல்லும். சொன்னா இப்பவே நடந்து போயி அந்தாளு கால்ல விழுதேன்."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

"சொல்லத் தெரியலேல்லா? போங்க. போயி வேற வேலையப் பாருங்க."

அவர் போன பிறகு நானும் என் பங்குக்குப் பேசினேன். ஒரு சாரிதானே, வாயா தேய்ந்துவிடும் என்றேன். "வாயி தேயாது, ரோடு தேஞ்சு போகும். நாளைக்கு எந்தப் பய ஏறினாலும் எதிர்ல வாற கார்க்காரன் ஹாரன் அடிச்சா பின்னால போகணும்" என்றார். சரி, அப்படியென்றால் கிளட்ச்சை மட்டும் போட்டுத் தருகிறேன், ஃப்ளைவீல் இப்படியே கொஞ்ச நாள் ஓடும், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடுமா?"

"ஓடும்."

"எது வரைக்கும்?"

எஞ்சின் வேகத்தில் சுற்றுகிற அந்தத் தட்டு ஏற்றத்தில் பிளந்தால் வண்டித் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும்.

"பின்னாடி பொம்பளையளு உக்காருவாவ. சாரியும் சொல்ல மாட்டேன், வெடிச்ச இரும்பையும் மாட்ட மாட்டேன். வண்டி இங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நல்ல புத்தி சொன்னால் இரண்டு பக்கமும் முட்டுகிற ஆளை என்ன செய்வது? அதுவும் என் ஒர்க்‌ஷாப்பில் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு!

மறுநாள் காலையில் ஸ்டாண்டு முன்னால் அக்கா நடந்து போனார். இடுப்பில் சேலை நனையாமலிருக்கப் படங்கு கட்டி, தோளில் கொழுந்துப் பையைப் போட்டுக்கொண்டு. எஸ்டேட்டில் தற்காலிக ஆளாக மறுபடி கொழுந்து எடுக்கச் சேர்ந்துவிட்டார். ஜீப்பில் போன ஏற்றத்தில் கால்நடையாகப் போனார். பின்னால் நாலைந்து பெண்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வேறு ஜீப்பில் ஏற மாட்டோம் என்று அவர்களாகவே இறங்கி நடந்தார்கள். முட்டி வலிக்காரிகளை அக்காவே திட்டி ஜீப்பில் ஏற்றினார். "ஒனக்கு என்னடி வீம்பு? காலு போனா நான் தூக்குவனா? ஏறு!"

நடந்தவர்களில் ஒருத்தி செக்ரட்டரியின் பெண்டாட்டி. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. செக்ரட்டரி தன் ஜீப்பை அவள் பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே, "ஏறு பிள்ள, மழை வருது, மானம் போகுது" என்று கெஞ்சிக்கொண்டு போவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். ஊரே டீக்கடையில் நின்று பார்த்தது. அவரும் அரை கிளட்ச்சில்தான் உருட்டினார். நான் கடையில் இருந்தபடியே, "பிளேட்டைத் தின்னாதேயும்வே!" என்று கத்தினேன்.

மழைக்காலம் முழுக்க ஜீப் என்னிடம் கிடந்தது. ரிசார்ட்டுக்காரர்கள் வேறு ஊர் ஜீப்பைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மழை பெய்கிற கோயில் ஏற்றத்தை ஒருமுறை பார்த்ததும் அவர்கள் கும்பிட்டுப் போய்விட்டார்கள். டூரிஸ்டு மெல்ல எங்கள் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்தது. ஆனால் அக்காவுக்கு வரிசையில் இடமில்லை என்ற பேச்சு மட்டும் அப்படியே நின்றது. மேனேஜர் பார்க்கிற போதெல்லாம் செக்ரட்டரியிடம் அந்த சாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி சில நாள் கம்பு ஊன்றி வந்து ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் என்னிடம் கேட்டார், "அவ சொன்னது சரிதானடே?"

"சரிதான் அண்ணாச்சி. ஆனா—"

"சரிதான்லா? அப்ப ஆனா எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மற்றொரு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் அக்கா கோட்டயம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தலையில் கொழுந்துப் பை. பை கனத்தில் கழுத்து உள்ளே போயிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து பையை இறக்கினார். உள்ளே புது ஃப்ளைவீல், எண்ணெய்க் காகிதம் சுற்றி. கூடவே கிளட்ச் செட். "பில்லு இருக்கு. பாத்துக்கோ, நம்பர் சரிதானான்னு" என்றார். சரியாக இருந்தது. காகிதத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "பஸ்ல கண்டக்டர் லக்கேஜ் போட்டாரா?" என்று கேட்டேன். "கொழுந்துன்னு சொன்னேன்" என்றார்.

மறுநாள் முழுக்க வேலை. மாட்டி முடிக்கிற நேரத்துக்கு செக்ரட்டரி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். புது இரும்பு பளபளப்பாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "மைனி, நல்ல சாமானாத்தான் வாங்கிருக்கிய. இனியாவது கொஞ்சம் ஒதுங்கிப் போகலாம்லா? இதையும் எரிச்சிராதிய" என்றார்.

"பழசு எதுக்கு எரிஞ்சுதோ, அதுக்குத்தான் புதுசு."

"அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம வரிசையில நிறுத்த முடியாது மைனி. என் கையில ஒண்ணுமில்ல."

"சரி, பாப்போம்" என்றார் அக்கா.

அடுத்த நாள் ட்ரயல் பார்க்கக் கிளம்பினோம். நான் பக்கத்து சீட்டில். அக்கா வேறு ரோடு எதையும் யோசிக்கவில்லை, நேரே கோயில் ஏற்றம். ரிசார்ட்டிலிருந்து விருந்தாளிகள் கிளம்பி இறங்குகிற நேரம் அது. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எடுத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்பார்.

பாதி ஏற்றம் போயிருப்போம். மேலே வளைவில் அதே பெரிய கார் திரும்பியது. அதன் வாலைப் பிடித்த மாதிரி, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு செக்ரட்டரியின் ஜீப். இரண்டும் இறங்கி வந்து எங்களுக்கு எதிரே நின்றன. மேனேஜர் ஹாரனில் கையை வைத்தார்.

நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, புது கிளட்ச். இன்னும் பதியல. அரை கிளட்ச்சுல மட்டும் நிக்காதிய, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். "எறங்கு. கட்டையை வையி" என்றார்.

இறங்கி, பின் டயருக்கு அண்டையாகக் கட்டையை வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அக்கா தூக்குவாளியைத் திறந்துகொண்டிருக்கிறார். அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். மடியில் வாழை இலைத் துண்டை விரித்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அன்னிக்குப் பின்னாடி ஆளுவ இருந்தாவ, பேரு போயிரும்னு அவசரம். இன்னிக்கு எனக்கு என்ன அவசரம்? நீயும் தின்னு" என்று எனக்கு ஒரு துண்டு நீட்டினார். எனக்கு இறங்கவில்லை. காந்தாரி உறைத்ததா, பயமா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர்.

மேனேஜர் ஹாரன் அடித்து ஓய்ந்தார். கடைசியில் இறங்கி வந்தார். மலையாளத்தில் மரியாதையாகத்தான் கேட்டார், பொய் சொல்லக்கூடாது. "சேச்சீ, வண்டி ஒண்ணு பின்னோட்டு எடுக்காமோ?"

"ஏறி வாற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும் சாரே. ஒங்க ரிசார்ட்டு வாறதுக்கு முன்னாலயே இங்கன உள்ளது" என்றார் அக்கா, வாயில் கப்பையோடு. "கப்பை வேணுமா? எங்க வீட்டுக்காரரு அவிச்சது."

மேனேஜர் அணைத்துக் கிடக்கிற எஞ்சினைப் பார்த்தார், டயருக்குக் கீழே கட்டையைப் பார்த்தார், இலையில் இன்னும் மிச்சம் கிடக்கிற கப்பையைப் பார்த்தார். காருக்குத் திரும்பினார். ஆனால் அவர் நினைத்தாலும் உடனே பின்னால் போக முடியாது. பின்னால் செக்ரட்டரியின் ஜீப் நிற்கிறது. முதலில் அவர் போக வேண்டும். மேனேஜர் கையை ஆட்டி, பின்னால் போ என்று செக்ரட்டரிக்குக் காட்டினார்.

செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டார். "மைனீ! இது நல்லா இருக்கா?" என்று அங்கிருந்தே கூவினார். பிறகு ரிவர்ஸ் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் எடுத்தார். அவருக்குப் பின்னால், அதாவது எங்களுக்கு முன்னால், மேனேஜரின் கார் பின்னோக்கி ஏறியது. இரண்டும் உச்சி வளைவில் போய் ஒதுங்குகிற வரைக்கும் அக்கா சாப்பிட்டார். இலையை மடித்து, பாட்டில் தண்ணீரில் கை கழுவி, வாய் கொப்பளித்தார்.

"கட்டையை எடு" என்றார். எடுத்தேன். எஞ்சினை முடுக்கினார். வண்டி ஒரு உதறல் இல்லாமல் கிளம்பி ஏறியது. அப்படி ஒரு சுகம், கால் எடுக்க எடுக்க ஃப்ளைவீல் பிடித்துக்கொண்டு போகிறது. நான் மாட்டினதுதானே என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

உச்சி வளைவில் மேனேஜரின் காருக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா ஒரு சின்ன ஹாரன் அடித்தார். செக்ரட்டரியின் ஜீப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீருல்லா கொழுந்தனாரே? சொல்லியாச்சு."

மறுநாள் விடிந்ததும் ஸ்டாண்டு வரிசையில் அக்காவின் ஜீப் நின்றது. எடுக்கச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை.